போட்டீர்களா

குத்தாய்சியில் பிப்ரவரி மாதம்.
மூடிப்போன பட்டாலையின் சாப்பாட்டுக் கூடத்தில்
ஒன்பது நாற்காலி, தாள் வைக்க ஒன்பது தாங்கி.
நடிக்க மாட்டார்கள், வாசிப்பார்கள்.
ஆற்றைப் பூட்டிவைத்த அரசனைப் பற்றி
யாரோ எப்போதோ எழுதிய நாடகம்.

உடைக்கென்று லமாராவுக்குக் கொடுத்தது
அறுபது லாரி.
(பாரவண்டி அல்ல, இந்நாட்டில் அது பணத்தின் பெயர்.
அறுபதும் சேர்ந்து ஒரு மூட்டையைக்கூடச் சுமக்காது.)

இயக்குநர் ஓத்தார் கேட்டது ஒரு கிரீடம்.
அட்டையில் வெட்டி, பொன்தாள் ஒட்டினால் போதும்.
"கிரீடத்தைப் பார்த்ததும்
அந்தக் காலத்துச் சங்கதி என்று
சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்" என்றாள்
ஊசியைப் பல்லில் கடித்தபடி.

அரசனுக்கு அவள் எடுத்தது
கையில்லாத சாம்பல் நிற மேற்சட்டை,
உள்ளே பஞ்சு வைத்தது, நெஞ்சில் எழுத்தில்லாதது.
அணையைத் திறந்துவைக்க வருகிறவர்கள்
தொலைக்காட்சியில் போட்டிருப்பார்களே, அது.
அதற்குள் வெள்ளைச் சட்டை,
முழங்கைவரை மடித்துவிட்டு,
இப்போதுதான் மண்வெட்டியைக் கீழே வைத்தவர் போல.
நாற்பத்துநான்கு லாரி.
விலைச்சீட்டை அறுக்காமல் கழுத்துக்குள் செருகினாள்.
நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காவலர்களுக்குக் கழுத்தில் நாடாவும் அடையாள அட்டையும்.
(அட்டையில் அவரவர் சொந்தப் படம்.
சிரிக்காத படமாகப் பார்த்து.)
தூதனுக்கு, வீடுவீடாய்ச் சாப்பாடு கொண்டுபோகும்
அக்கா மகன் கேகாவின் மஞ்சள் மேலங்கி.
எட்டே முக்காலுக்குத் தந்துவிடு, ஒன்பதுக்கு எனக்கு வேலை
என்று சொல்லித்தான் கழற்றினான்.

பூட்டை உடைக்கிற பெண்ணுக்குத்தான்
நாலு இரவாக ஒன்றும் அமையவில்லை.
கறுப்பு கொடுத்தால் முதல் வரியிலேயே செத்துவிடுகிறாள்.
சிவப்பு அவளைக் கொடியாக்குகிறது.
வெள்ளையில் மெழுகுவத்தி ஏற்றிவிடுவார்கள்.
கடைசியில் நெஸ்தானைத் தொலைபேசியில் கூப்பிட்டு
"வேலை முடிந்து நேரே வா, எதையும் மாற்றாதே."

வந்தாள். சந்தையில் மீன் தொட்டிக் கடை அவளுக்கு.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.
நடந்த இடமெல்லாம் ஈரம்.
பூட்டிய ஆற்றின் கதையில்
அந்தக் கூடத்திலேயே தண்ணீர் அவளிடம் மட்டும்.
லமாரா இதை யோசிக்கவில்லை.
யோசித்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டாள்.

வாசித்தார்கள்.
"ஆறு உங்கள் நன்மைக்காகவே ஓய்வெடுக்கிறது"
என்று அரசன் மென்மையாகச் சொன்னபோது
பின்வரிசையில் யாரோ சிரித்து
நடுவில் நிறுத்திக்கொண்டார்.
கூடத்தில் கணப்பு இல்லை,
பார்க்க வந்தவர்கள் கோட்டைக் கழற்றவில்லை.
மேடையில் மட்டும் இலேசான உடுப்பு.

எட்டே முக்கால்.
கதவைத் தள்ளிக்கொண்டு கேகா.
பை முதுகில், ஒரு கையில் தலைக்கவசம்.
தூதன் அப்போதுதான் எழுந்து
"மதகடியில் கண்டெடுத்தோம்" வரைக்கும் வந்திருந்தான்.
கேகா நேரே மேலே போய்க் கையை நீட்டினான்.
தூதன் தாளிலிருந்து கண்ணெடுக்காமல்
ஒரு கையை உருவி, தாளை மாற்றிப் பிடித்து,
மறுகையையும் உருவிக் கொடுத்தான்.
பனியன் மட்டும்.
"மதகடியில்... கண்டெடுத்தோம்... ஈரத் துணியோடு"
குளிரில் பல் அடித்துக்கொண்டது.
ஒத்திகையில் ஒருநாளும் வராத நடுக்கம்.

மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டே
கேகா கேட்டான், அடுத்த வீட்டில் கேட்பது போல:
"யாரு செத்துப்போனது?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை.
தாளில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.
நெஸ்தான் தன் பூட்ஸைப் பார்த்தாள்.
அரசன் பக்கத்தைத் திருப்பினார்.
கேகாவின் சட்டைப்பையில் போன் கூவியது,
யாருக்கோ பசி. போய்விட்டான்.

"அந்தப் பையன் உன் ஏற்பாடா?" என்றார் ஓத்தார்.
லமாரா நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் கடைக்காரி
சாம்பல் நிறச் சட்டையைப் புரட்டி,
விலைச்சீட்டைப் பார்த்து, கக்கத்தை முகர்ந்து,
"போட்டீர்களா?" என்றாள்.

"இல்லை.
வாசித்தோம்."